என்னை நம்பாத துவக்கு

துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த ஒருவன் லண்டனில் ஒரு துவக்கு வாங்கி வைத்திருந்தான் என்றால் யாரும் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரியுங்கள். அந்த விசரன் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் கோலியர்ஸ் வுட்டில் வந்து குடியேறினேன். மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிற தொழிற்சாலையில் வேலை. பக்கத்து மெஷினில் நின்ற வெள்ளைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்துப்பாக்கி சுடுகிற கிளப் ஒன்றுக்குப் போய்வருபவர். என் கை நடுங்குவதில்லை என்று கண்டுபிடித்து, ஒருநாள் வந்து பார் என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் இருந்தது கிளப். மேலே ரயில் போனால் தேநீர்க் கோப்பைகள் கிடுகிடுக்கும். உள்ளே சிவப்புக் கொடி கட்டியிருந்தால் ஒருவரும் துவக்கில் கை வைக்கக் கூடாது. சொன்னால்தான் குண்டு போடலாம், சொன்னால்தான் சுடலாம். யாராவது ஒருவர் நிறுத்து என்று கத்தினால் எல்லாரும் நிறுத்த வேண்டும். ஊரில் நான் துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தவன். சந்திக்குச் சந்தி கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன். துவக்குக்கு இப்படியும் ஓர் ஒழுங்கு உண்டா என்று அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பொய்யில்லை, கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

நிரந்தர விசா கிடைத்த பிறகு லைசென்சுக்கு எழுதிப்போட்டேன். பொலிஸ் வீட்டுக்கு வந்தது. படுக்கையறைச் சுவரில் இரும்பு அலுமாரி ஒன்றை போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார்கள், இறுக்கினேன். திரும்ப வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஆறு குண்டு போடுகிற ரிவோல்வர் ஒன்று என் பெயரில் வந்து சேர்ந்தது. கிளப் செயலாளர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அதைக் கையில் கொடுத்து என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். உடனே கமராவின் வாயால் வெளியே வருகிற படம். மார்பை முன்னே தள்ளிக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். தம்பி என்றால் கூடப்பிறந்தவன், எனக்கு ஒரே ஒருவன். லண்டனுக்கு வருவதற்காக ஊரைவிட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். "அண்ணை, உங்கட படத்தைப் பெட்டி மூடிக்கு உள்ளுக்கு டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கிறன். லொட்ஜில வாற போற பெடியளுக்கெல்லாம் திறந்து காட்டுறன். லைசென்ஸோட துவக்கு வச்சிருக்கிற ஒரே தமிழன் என்ர அண்ணைதான் எண்டு சொல்லுறன்" என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை மனைவிக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

மனைவிக்குத் துவக்கில் ஒரு மரியாதையும் இல்லை. "சனியனை வீட்டுக்க கொண்டு வந்திருக்கிறியள்" என்றாள். ஆனால் அலுமாரி அவளுக்குப் பிடித்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் கள்ளன் தமிழர் வீடு பார்த்துத்தான் ஏறுவான். நகை முழுவதும் வீட்டில் இருக்கும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. கலியாணத்துக்குப் போய்த் திரும்பினால் பின் ஜன்னல் உடைந்து கிடக்கும். "பொலிஸே வந்து ஆட்டிப் பாத்த அலுமாரி எங்கட வீட்டில இருக்கு" என்று இவள் யாரோ ஒருத்தியிடம் சொல்லப்போக, மாதம் ஒன்றுக்குள் ஏழு வீட்டு நகை என் அலுமாரிக்குள் வந்துவிட்டது. எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில், மேலே வெள்ளை டேப்பில் வீட்டுக்காரியின் பெயர் எழுதி. ஒவ்வொரு டப்பா வரும்போதும் ரிவோல்வர் ஒரு சாண் பின்னுக்குப் போனது.

சட்டப்படி அந்த அலுமாரியின் திறப்பு என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். சாவியை எங்கள் பக்கத்தில் திறப்பு என்றுதான் சொல்வோம். ஆனால் நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து யாராவது ஒருத்தி கலியாணத்துக்குப் போடத் தாலிக்கொடி எடுக்க வருவாள். ஆகவே திறப்பு குசினியில், முருகன் கலண்டருக்குப் பின்னால், ஆணியில் தொங்கியது. அது கோலியர்ஸ் வுட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கப் பொலிஸ் வரும் நாளில் மட்டும் டப்பாக்களை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வாங்கி வைப்போம். எவ்வளவு பெரிய மடத்தனம் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது அது எங்களுக்கு ஊர் உதவி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளப்பில் ஒரு சண்டை வந்தது. பூட்டுத் தொழில் செய்து ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் எங்கள் உறுப்பினர். அவர் தன்னுடைய ரிவோல்வரின் பிடிக்குள்ளேயே ஒரு பூட்டைப் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். வெளியே பார்த்தால் ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான். சூட்கேஸ் திறப்பைப்போல ஒரு குட்டித் திறப்பை அதற்குள் விட்டுத் திருப்பினால் உள்ளே எல்லாம் இறுகிவிடும். விசையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. வேண்டியவர்களுக்குச் செய்துதருகிறேன் என்றார்.

நாசமாய்ப் போச்சு. தேநீர் மேசையில் எல்லாரும் அவர்மேல் பாய்ந்தார்கள். ரிவோல்வரின் அழகே அதற்குள் பழுதாக ஒன்றும் இல்லாததுதான், அதற்குள் இன்னொரு பொருளை வைத்தால் அதுதான் முதலில் பழுதாகும் என்றார் செயலாளர். பல் வைத்தியர் ஒருவர் இருந்தார், அவர் அந்த ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, சொத்தைப் பல்லைக் கண்டதுபோல் முகத்தைச் சுளித்தார். இன்றைக்கு ஒருவர் ஆசைக்குப் பூட்டுவார், நாளைக்கு எல்லாரும் பூட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லும், மறுநாள் பறித்துக்கொண்டு போகும் என்றார் இன்னொருவர். அலுமாரி எதற்கு இருக்கிறது, அதன் பூட்டுப் போதாதா என்று பலர் கேட்டார்கள். கிளப்பின் ஒரே பெண் உறுப்பினர் மட்டும், தன் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றும், அலுமாரியைப் பூட்டினேனா என்று தனக்குச் சில நாள் ஞாபகம் இருப்பதில்லை என்றும் மெல்லச் சொன்னார். அவருக்கு வயதாகிவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் எழும்பினேன். எனக்கு எதற்கு இந்த வேலை? அங்கே நான் பேசுவதே குறைவு. ஆனாலும் எழும்பி நின்று, துவக்கை நம்பி ஒருவன் கையில் கொடுப்பதென்றால் அவனை முழுதாக நம்ப வேண்டும், பாதி நம்பக் கூடாது என்றேன். "என்னை நம்பாத துவக்கு எனக்கு வேண்டாம்" என்றேன். மேசையைத் தட்டினார்கள். செயலாளர் என் தோளில் கை போட்டார். பூட்டுக்காரக் கிழவர் தன் ரிவோல்வரைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். வீட்டில் திறப்பு முருகனுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கிளப்புக்குத் தொலைபேசி எடுக்கக் கூடாது என்று மனைவிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சுட்டுக்கொண்டிருப்பவனை அழைக்க எல்லாரையும் நிறுத்த வேண்டும், அது அங்கே மரியாதையில்லை என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்த வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நின்று நான் தமிழில் கத்திக் கதைக்க வெட்கப்பட்டேன். அவ்வளவுதான். எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பில் போட்டி. காலையில் நான் போன கையோடு கொழும்பிலிருந்து ஏஜென்சிக்காரன் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். இன்றிரவு ஒரு விமானத்தில் ஒரு இடம் இருக்கிறது, மூன்று மணிக்குள் அண்ணன்காரன் ஓம் என்று சொன்னால் தம்பியை ஏற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளை ஏற்றுவேன், அடுத்தது எப்போதென்று தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அந்த ஏஜென்சிக்காரர்களில் பாதிப் பேர் ஏமாற்றுக்காரர். அவள் தானாக ஓம் சொல்லப் பயந்தாள். கிளப்புக்கு எடுக்கவும் பயந்தாள். எனக்குப் பயந்தாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் மூன்று மணி வரைக்கும் சோறு தண்ணி இல்லாமல் இருந்திருக்கிறாள்.

ஆறு மணிக்கு நான் கையில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பையோடு வந்தேன். மூன்றாவது பரிசு. அவள் விஷயத்தைச் சொன்னதும் கத்தினேன். "ஏன் எனக்கு எடுக்கேல்லை? நீர் என்ன வாய் பேசாத ஆளோ?" அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அடுத்த நாள் ஏஜென்சிக்காரனைப் பிடித்தேன். அந்த வாரக் கடைசியில் பார்ப்போம் என்றான். செவ்வாய்க்கிழமை விடியக் கொழும்புப் பொலிஸ்காரர்கள் லொட்ஜைச் சுற்றி வளைத்துத் தமிழ்ப் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்துக்குள் மற்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். என் தம்பி மட்டும் வரவில்லை.

எழுதாத இடமில்லை. எடுக்காத தொலைபேசியில்லை. எந்தப் பொலிஸ் நிலையமும் அப்படி ஒருவன் தங்களிடம் வரவே இல்லை என்றது. மூன்று மாதம், நான்கு மாதம் என்று போனது. நான் சாப்பிட்டேனா குளித்தேனா என்று எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் வில்லைகளைப் பிழையாகத் தேய்த்து வீசினேன், லீவு எடுத்துக்கொண்டு வீட்டிலிரு என்றார்கள். கிளப்புக்கும் போகவில்லை. அந்த மூன்று மணியையே திரும்பத் திரும்ப நினைத்தேன். அவள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தபோது நான் காதில் அடைப்பு வைத்துக்கொண்டு காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வந்து நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. மனைவி ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட். நான் கலண்டருக்குப் பின்னாலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சாகத்தான் போனேன். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது.

அலுமாரியைத் திறந்தால் டப்பாக்கள். ரிவோல்வர் கடைசியில், எல்லாவற்றுக்கும் பின்னால் கிடந்தது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். ஒன்றும் கலந்துவிடக் கூடாது என்று ஒழுங்காக அடுக்கினேன். சாகப் போகிறவனுக்கு அந்தக் கவனம் எதற்கென்று கேட்காதீர்கள், ஊரார் நகை. கடைசி டப்பாவையும் எடுத்து, ரிவோல்வரை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்த நேரம் வாசல் மணி அடித்தது. பேசாமல் இருந்தேன். திரும்ப அடித்தது. பிறகு கதவைக் கையால் அடித்துக்கொண்டு, "தம்பி! நான்தான்! லைட் எரியுது, நீர் உள்ளுக்க நிக்கிறது தெரியுது!" என்று ஒரு குரல்.

மன்னார் அக்கா. மன்னாரிலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் இருப்பவர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். கதவைத் திறந்தேன். பட்டுச்சேலை, மேலே குளிர் கோட், காலில் சப்பாத்து. "என்ர கொடியை எடுக்க வந்தனான் தம்பி. அப்டன் பார்க்கில கோயில்ல கலியாணம், தமையன்ர மகன்ர. பன்னிரண்டு மணிக்குப் பூசை" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டுப் படியேறினார். நான் பின்னால் ஓடினேன். அதற்குள் அறைக்குள் போய்விட்டார்.

கட்டிலில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ரிவோல்வர். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாடி வளர்ந்த என் முகத்தைப் பார்த்தார். டப்பாக்களை விலக்கிவிட்டு, துவக்குக்கும் எனக்கும் நடுவில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தாலி எடுக்க வந்தனான் தம்பி" என்றார். அந்தக் குரல் அவருடையதே இல்லை. "என்னைப் பிரேதம் எடுக்கப் பண்ணிப் போடாதையும்."

சுவரில் சாய்ந்தேன். அக்கா தன் டப்பாவைத் திறந்து கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினார். "கொளுவி விடும். எனக்கு விரல் மடங்காது." கொடியின் இரண்டு முனையையும் பிடித்தேன். நடுங்காத கை என்று பெயரெடுத்த கை அது. கொளுக்கியைக் கொளுவ முடியவில்லை. மூன்று தரம் வழுக்கியது. அக்கா அசையாமல் இருந்தார். "ஆறுதலாக் கொளுவும். பூசைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. நான் இருக்கிறன்." நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். எப்போது கொளுவினேன் என்று தெரியாது, கொளுவிவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அக்காவின் கட்டளை. அதை உள்ளே வையும் என்றார், வைத்தேன். பூட்டும் என்றார், பூட்டினேன். திறப்பை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டார். தாடியை வழியும், சேர்ட் மாத்தும், கார் வெளியில நிக்குது என்றார். நகை டப்பாக்கள் ஆறும் கட்டிலில் கிடக்க, கள்ளன் வந்தால் வரட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு என்னை அப்டன் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயிலில் என் சேர்ட்டின் கையை விடவே இல்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாப்பிட்டது எனக்கே அருவருப்பாக இருந்தது.

பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் அக்காதான் சொன்னார். அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அதைக் குடுத்துப் போடுங்கோ. உங்களைக் கும்பிடுறன்." முடியாது என்றேன். ஏன் முடியாது? எனக்கே நியாயம் தெரியவில்லை. அந்த ஒரு பொருளுக்காகத்தான் தம்பியை விட்டேன். அதையும் விட்டால் அவனை ஒன்றுமில்லாததற்காக விட்டவன் ஆவேன். விசர் நியாயம்தான். அந்த நாட்களில் என் தலைக்குள் வேறு நியாயம் இருக்கவில்லை.

ஆனால் என்னை எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூட்டுப் போடத்தான் என்று சொல்லி அக்காவைக் கொண்டு அலுமாரியைத் திறப்பித்து, ரிவோல்வரைத் தூக்கிக்கொண்டு பூட்டுக்காரக் கிழவரின் வீட்டுக்குப் போனேன். பூட்டு வேண்டும் என்றேன். அவருக்கு நான் மேசையில் பேசியது நல்ல ஞாபகம். "என்னை நம்பாத துவக்கு வேண்டாம் என்றாயே" என்றார். குத்திக் கேட்கவில்லை, கவலையாகக் கேட்டார்.

"அன்றைக்கு எனக்கு என்னைத் தெரியாது" என்றேன்.

விற்றுவிடேன் என்றார். மாட்டேன் என்றேன். அப்படியென்றால் ஒரு நிபந்தனை, திறப்புகளை உன்னிடம் தர மாட்டேன் என்றார். இரண்டு வாரம் துவக்கு அவரிடமே இருந்தது. பூட்டைப் பொருத்தி, பூட்டி, தானே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி தேநீரும் ரோல்சும் கொடுத்தாள். உறைப்பில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். எழும்பிப் போகும்போது இரண்டு குட்டித் திறப்புகளையும் அவளுடைய உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை மடக்கிவிட்டார். தன் மனைவியின் தம்பி ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கிழமையே டப்பாக்கள் எல்லாம் வெளியேறின. அலுமாரித் திறப்பு திரும்ப என்னிடம் வந்தது. பூட்டிய ரிவோல்வர் தனியாக உள்ளே கிடந்தது. கொஞ்ச நாளில் மனைவியின் தாலிக்கொடியில், எங்கள் பெண்கள் ஊசி கோர்த்து வைக்கிற இடத்தில், ஊசியோடு ஒரு குட்டித் திறப்பும் தொங்குவதைக் கண்டேன். குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாள். மறு வருடம் ஒருமுறை, போட்டி ஒன்று வருகிறது என்று சாடையாகக் கேட்டேன். "ஏலாது" என்றாள். அதோடு சரி. கிளப்புக்குப் போனால் கிளப்பின் துவக்கால் சுட்டேன். அவளும் தன் ஷிப்டுகளை மாற்றிக்கொண்டாள். நான் வீட்டில் இருக்கும் நேரம் அவளும் வீட்டில் இருந்தாள். கடைக்குப் போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். "நான் என்ன சின்னப் பிள்ளையோ?" என்று சீறுவேன். "ஓம்" என்பாள்.

துவக்குக்குப் பூட்டுப் போட்டுக் கொஞ்ச நாளில் தம்பியின் பெட்டி வந்தது. லொட்ஜ் முதலாளி நல்ல மனிதர், கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் வேலையால் வரும்போது அது படுக்கையறையில் உடுப்பு அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. பழுப்பு நிறச் சின்ன சூட்கேஸ். "பூட்டிக் கிடக்கு. திறப்பு வரேல்லை" என்றாள். உடைத்துத் திறப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுடைய சேர்ட்டுகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. திறப்பு வராததே நல்லது என்று நினைத்தேன்.

நான்கு வருடம் அப்படியே போனது. பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். லைசென்ஸோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகளால். கிளப்பின் தேநீர் மேசையில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பூட்டு வேண்டாம் என்று கத்திய அதே ஆட்கள், எல்லா ரிவோல்வருக்கும் பூட்டு வைக்கிறோம், கிளப்பிலேயே விட்டுவிட்டுப் போகிறோம், பறிக்காதீர்கள் என்று மந்திரிக்குக் கடிதம் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. பேரப்பிள்ளைகள் உள்ள அந்த அம்மாவும் போடவில்லை. பூட்டுக்காரக் கிழவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். தொண்ணூற்றேழில் எல்லாரும் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஒப்படைக்கும் நாள் காலை, "திறப்பைத் தாரும், திறந்து குடுப்பம்" என்றேன். அவள் சேலையை இழுத்துக் கொடியை மூடிக்கொண்டாள். "அப்பிடியே குடுங்கோ. பூட்டோட போகட்டும்." சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. பொலிஸ் நிலையத்தில் நீண்ட வரிசை. கவுண்டரில் நின்றவர் அந்தச் சின்ன ஓட்டையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். பூட்டு, திறப்பு இல்லை என்றேன். இனி யாருக்கு வேண்டும் என்று சொல்லி ரசீது எழுதித் தந்தார். வெளியே வந்தபோது கையில் பாரமே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து ஊசியைக் கழற்றி அந்தக் குட்டித் திறப்பை என் கையில் வைத்தாள்.

"இனி எனக்கு என்னத்துக்கு?" என்றேன்.

"உது துவக்கின்ர திறப்பு இல்லை. அது ரெண்டையும் அந்தக் கிழவன் போன கையோட கொண்டுபோய் வாண்டில் ஆத்துக்க எறிஞ்சிட்டன்." கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, சூட்கேஸை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். "உது இதின்ர திறப்பு. பெட்டியோடயே வந்தது. நான் அண்டைக்கே திறந்து பாத்திட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து வருடம்! "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"திறந்து பாருங்கோ" என்றாள்.

திறந்தேன். மடித்த சேர்ட்டுகள், ஒரு கம்பளிச் சட்டை, விலைச்சீட்டுக்கூடக் கழற்றாதது. சவர்க்காரப் பெட்டி. நான் எழுதிய கடிதங்கள் நூலால் கட்டியபடி. எல்லாவற்றையும் யாரோ கிண்டிவிட்டுத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். பிறகுதான் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தேன். நான்கு இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு டேப்புக்கு அடியிலும் படத்தின் ஒவ்வொரு வெள்ளை மூலை. நடுவில் ஒன்றும் இல்லை. ஆறுதலாகக் கழற்றவில்லை, லொட்ஜைச் சுற்றி வளைத்தவர்கள் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். துவக்கோடு மார்பைத் தள்ளிக்கொண்டு நிற்கிற அண்ணன்.

மற்றவர்கள் எல்லாரும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். அவன் ஏன் வரவில்லை என்று ஐந்து வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி கதவடியில் நின்றாள். "அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பூட்டை நீங்கள் பல்லாலயும் கடிச்சு உடைச்சிருப்பியள். அதுதான் அது வீட்டை விட்டுப் போகுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்." அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "இப்ப அழுங்கோ. எவ்வளவெண்டாலும் அழுங்கோ. வீட்டில ஒண்டும் இல்லை."

கம்பளிச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு கட்டிலடியில் விழுந்து கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே அவள் கோட்டைப் போடுகிற சத்தம் கேட்டது. "பால் முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாறன்" என்று படியடியில் நின்று சொன்னாள். வாசற்கதவு சாத்திய சத்தமும் கேட்டது. ஐந்து வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக என்னை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போனாள்.